அமரநந்தி சரிதத்துக்கு ‘ம்’ கொட்டியவர்

இது எனக்கே நடந்தது. தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவனுக்கு நடந்தது, வாட்ஸ்அப்ல வந்தது, அந்தக் கதையெல்லாம் கிடையாது. ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட வாய் தவறிச் சொன்னேன். "மச்சி, செம கன்டென்ட், ஷார்ட் ஃபிலிம் எடுக்கலாமா"ன்னு கேட்டான். அன்னையிலேருந்து அவன்கூட டீக்குக்கூடப் போறதில்ல. நீங்களும் சிரிக்கிறதா இருந்தா இப்பவே வேற ஏதாவது படிக்கப் போயிடுங்க. எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

என் பேர் தேவா. மண்ணூர்பேட்டையில வாடகை வீடு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலை. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில இருந்தவர், வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ். அங்க சென்ட்ரல் ஸ்கூல்ல மார்க் அள்ளலாம்னு பாதிப் பேர் சமஸ்கிருதம் எடுப்போம். மத்தவனுங்க பத்தாவதோட கும்பிடு போட்டுட்டானுங்க. எனக்கு மட்டும் பைத்தியம் தெளியல, எம்.ஏ. வரைக்கும் போயிட்டேன். அது நாக்கு வழிக்கக்கூட உதவாதுன்னு எங்க அம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க.

போன வருஷம் ஐப்பசி மாசம். மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. பரத் போன் பண்ணினான். என்கூடப் படிச்சவன், இப்போ மேனாம்பேட்டுல சொந்த ஃபிளாட்.

"டேய், நீ இன்னும் சமஸ்கிருதம் படிப்பியா?"

"படிப்பேன். ஏன்?"

"எங்க அப்பாவுக்கு ஒரு கதை படிச்சுச் சொல்லணும்டா. கடைசியா."

பரத் வீட்டுக்காரங்க சமணர்ங்க. சமணர்னா உடனே மார்வாடியான்னு கேப்பாங்க. இல்ல, வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் ஆளுங்க. பேருக்குப் பின்னாடி நயினார்னு போட்டுக்குவாங்க. அவங்க அப்பா சம்பத் நயினாரும் எங்க அப்பா மாதிரியே ஃபேக்டரியில ரிட்டையர் ஆனவர். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டயாலிசிஸ் வேணாம்னுட்டார். சல்லேகனை எடுத்துக்கிட்டார்.

அப்படின்னா என்னன்னு அவரே எனக்குச் சொன்னார். "சாகறதுக்காகப் பட்டினி கெடக்கிறேன்னு நெனச்சுக்காத தம்பி. உடம்பு விடற நேரம் வந்துட்டுதுன்னு தெரிஞ்சா, நாமளே ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டு வர்றது. மொதல்ல சோறு. அப்புறம் பால். அப்புறம் மோர். கடைசியில வெந்நீர். சாப்பாட்டை விடறது சுலபம் தம்பி. ஆசையை விடறதுதான் கஷ்டம்."

அவர் கேட்ட கதை ‘அமரநந்தி சரிதம்’. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சமண முனிவர் சமஸ்கிருதத்துல எழுதினது. இந்த மாதிரி நிறைய சரிதங்கள் இருக்கு. குருமார்கள் கதை, ராஜாக்கள் கதை, வியாபாரிகள் கதை. படிக்க ஆரம்பிச்சா ஆளை விடாது. ஆனா ஒருத்தர் வாழ்க்கை வரலாறுன்னு சொல்லிட்டு, அவர் பிறக்கறதுக்கே அஞ்சாறு சர்க்கம் ஆக்கிடுவாங்க. முதல் பிறவியில வியாபாரி, அடுத்ததுல யானை, அதுக்கடுத்ததுல ராஜா… அப்படிப் போய்க்கிட்டே இருக்கும். சர்க்கம்னா அத்தியாயம்தான், வேற ஒண்ணுமில்ல.

இன்னொரு விஷயமும் இதுல பக்கத்துக்குப் பக்கம் வரும். சாகற நேரத்துல எதுமேலயாவது மனசு மாட்டிக்கிட்டா, அந்த ஆள் மேல போக முடியாது. வியந்தரனா ஆகி மரத்துலயும் பாழுங்கிணத்துலயும் பூட்டின வீட்டுலயும் தங்கிடுவான். எங்க அம்மா பாஷையில சொல்லணும்னா, பேய்.

நான் தினமும் வேலை முடிச்சு சாயங்காலம் போவேன். பரத் வீடு ரெண்டாவது மாடி. பெரியவர் உள் ரூம்ல, கட்டில் இல்லாம, கோரைப் பாய் மேல வெள்ளைத் துணி விரிச்சுப் படுத்திருப்பார். பக்கத்துல ஒரு மயிற்பீலி. பூச்சி வந்தா அடிக்காம மெதுவா ஒதுக்கறதுக்கு. அந்த ரூம்ல லைட் போட மாட்டாங்க. மழைக்காலத்துல லைட்டைப் பார்த்து ஈசல் வரும், விழுந்து சாகும். அவரால ஒரு உயிர் சாகக் கூடாது. அதனால ஜன்னல் வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் படிப்பேன். போன்ல பி.டி.எஃப். ஒரு சுலோகம் சமஸ்கிருதம், அதுக்குத் தமிழ்ல அர்த்தம். இருட்டினதும் எழுந்து வந்துடுவேன்.

முதல் நாளே ஒரு கண்டிஷன் போட்டார்.

"சர்க்கம் முடியற எடத்துலதான் நிறுத்தணும் தம்பி. பாதியில விட்டுடாத. நான் எந்த ராத்திரி போவேன்னு தெரியாது. அப்புறம் என்ன ஆச்சுன்னு மனசு அங்கேயே நின்னுடக் கூடாது. எதுவும் பாக்கி இல்லாமப் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நானும் சரின்னேன். நாலஞ்சு நாள் அப்படியே போச்சு. மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக் கேட்பார். ஒரு சத்தம் வராது. சர்க்கம் முடிஞ்சதும் ரெண்டு கையையும் நெஞ்சு மேல கூப்புவார். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒருநாள் பரத் என்கூடப் படி இறங்கி வந்தான். முதல் மாடித் திருப்பத்துல நின்னுட்டான்.

"மச்சான், லாவண்யாவுக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சு."

லாவண்யா அவன் தங்கச்சி. கல்யாணமாகி கனடாவுல இருக்கா. அப்பா செல்லம்னா அப்படி ஒரு செல்லம்.

"நல்லதுதானே. எப்ப வர்றா?"

"அடுத்த வாரம் கடைசியில. அதுவரைக்கும் அப்பா தாங்கணும்டா. டாக்டர் கையை விரிச்சிட்டார்."

"அதுக்கு நான் என்னடா பண்ண முடியும்?"

"கதையைப் பாதியில நிறுத்துடா. சீரியல் மாதிரி. நாளைக்கு என்ன ஆகுமோன்னு அவருக்கு ஒரு இது இருக்கணும். அது ஒண்ணுதான் இப்போ அவரைப் புடிச்சு வைக்கும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "டேய், அதைத்தான்டா அவர் வேணாம்னார். வாயைத் திறந்து சொன்னார்."

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கறியா?"

"எங்க அப்பாடா…" அவ்வளவுதான் சொன்னான். சுவத்துல சாஞ்சு அழ ஆரம்பிச்சிட்டான். முப்பத்தஞ்சு வயசு ஆள், ஸ்கூல் பையன் மாதிரி தேம்பித் தேம்பி. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. சரின்னுட்டேன்.

மறுநாள் கதையில அமரநந்தியோட முதல் பிறவி. அப்போ அவர் பேர் சாகரதத்தன், கடல் வியாபாரி. பெண்டாட்டிகிட்ட திரும்பி வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டுக் கப்பல் ஏறுவான். கப்பல் உடைஞ்சிடும். ஒரு பலகையைப் பிடிச்சிக்கிட்டு இருட்டுல மிதப்பான். அப்போ தண்ணிக்கு அடியிலேருந்து ஏதோ ஒண்ணு அவன் காலைப் பிடிக்கும்…

அங்க நிறுத்தினேன்.

"வெளிச்சம் போயிடுச்சு அங்கிள். நாளைக்குச் சொல்றேன்."

பெரியவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்ல. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். நான் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

அடுத்த நாள் போனா, ஆள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கார். தலையோட வெள்ளைத் துணி போத்தி. மழைக் குளிர்னு நினைச்சேன். நான் வழக்கம்போல வாசப்படிகிட்டத் தரையில உட்கார்ந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் தரை. படிக்க ஆரம்பிச்சேன்.

"சாகரதத்தன் காலை உதறினான்…"

"ம்."

நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாள்ல இதுதான் முதல் தடவை.

"காலைப் பிடிச்சது இன்னொரு மனுஷன் கை…"

"ம்."

கதை கேக்கற புள்ளைங்க கொட்டுமே, அந்த ‘ம்’. அதேதான். ஒவ்வொரு சுலோகம் முடிஞ்சதும் வந்துச்சு. ரூமுக்கு வெளியில பரத் நின்னுக்கிட்டு இருந்தான். அவன் காதுலயும் விழுந்துச்சு. நான் எழுந்து வந்ததும் என் கையைப் பிடிச்சிக்கிட்டான்.

"கேட்டியாடா? ம் கொட்டறார்டா! எங்க அப்பா ம் கொட்டறார்!"

உடனே கனடாவுக்குப் போன் போட்டு, "லாவண்யா, அப்பா கதை கேக்கறாரும்மா, உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்"ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னான். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திச்சு. பெரியவரால தலையைக்கூடத் தூக்க முடியாது. அந்த ‘ம்’ மட்டும் நல்லாச் சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கிற ஆளோட ‘ம்’ மாதிரி கணீர்னு இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு. பரத் பெண்டாட்டி தீபிகா வெந்நீர் எடுத்துக்கிட்டு வந்தா. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடணும். அதுக்கு மேல தண்ணியும் கிடையாது. தோளைத் தொட்டுத் திருப்பி, ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா. நேரம் போகுதேன்னு நான் படிச்சுக்கிட்டே இருந்தேன்.

"தீவுல இறங்கினா, அங்க ஒரு காலி ஊர். எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியுது. ஆள் மட்டும் இல்ல…"

"ம்."

தீபிகா கையில ஸ்பூன். ஸ்பூன் பெரியவர் வாயில. தொண்டை ஏறி இறங்குது. அவர் தண்ணி முழுங்கிக்கிட்டு இருக்கார்.

தீபிகா திரும்பி என்னைப் பார்த்தா. நான்தான் அந்தச் சத்தம் போட்டேன்னு நினைச்சிருக்கணும். டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அன்னிக்குக் கீழே வண்டியை எடுக்கறப்போ வாட்ச்மேன் எத்திராஜ் கூப்பிட்டார். "சார், பெரியவரு தேறிட்டாரா இன்னா?"

"இல்லண்ணா. ஏன்?"

"இல்ல… டெய்லி நீ வண்டிய எடுத்துகினு போனதும், படில எறங்கி வந்து கேட்டாண்ட நின்னுகினு கீறாரு. நீ போற ரோட்டையே பாத்துகினு. வெள்ளத் துணி போத்திகினு. கூப்ட்டா திரும்ப மாட்றாரு."

"மூஞ்சியைப் பார்த்தியா?"

"மூஞ்சி தெர்ல சார்."

எனக்கு எரிச்சல் வந்துச்சு. "சரக்கு போட்டிருக்கியாண்ணா"ன்னு கேட்டேன். பாவம், அந்த ஆளு குடிக்கவே மாட்டார். அப்புறம்தான் தெரிஞ்சுது. மூஞ்சி சுண்டிப் போச்சு அவருக்கு.

அதுக்கப்புறம் வந்த நாள்ல ஒண்ணு கவனிச்சேன். முதல்ல ‘ம்’ சுவர் பக்கத்துலேருந்து வந்துச்சு. பெரியவர் தலைமாட்டுல. இப்போ அங்கேருந்து வரல. கொஞ்சம் தள்ளி… இந்தப் பக்கம் வந்திருந்துச்சு.

மறுநாள் இன்னும் கிட்ட.

அதுக்கு மறுநாள் அந்த வெறும் தரை இருக்கு பாருங்க, அதோட நடுவுலேருந்து.

பரத்கிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். அவன் காலண்டரைக் காட்டி, "இன்னும் ரெண்டே நாள்டா, ரெண்டே நாள், லாவண்யா வந்துடுவா"ன்னான். அவன் மூஞ்சியில அவ்வளவு நம்பிக்கை. சொல்லாமலே வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அந்தக் கடைசி சாயங்காலம்.

மத்தியானத்துலேருந்தே அடைமழை. எஸ்டேட் ரோட்டுல முட்டி அளவு தண்ணி. வண்டியைத் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். மணி அஞ்சரைதான். அதுக்குள்ள ரூம்ல இருட்டு கட்டியிருக்கு. வெளியில சன்ஷேடு மேல தண்ணி டப்… டப்… டப்னு விழுது. பக்கத்து ஃபிளாட்ல குக்கர் விசில். ரயில்வே லைன் பக்கத்துலேருந்து ஹார்ன் சத்தம். எல்லாம் சாதாரணமாத்தான் இருந்துச்சு. நான் உட்கார்ந்து போனோட வெளிச்சத்தை அடியோட குறைச்சு வெச்சுக்கிட்டேன்.

கதையில சாகரதத்தன் பன்னிரண்டு வருஷம் கழிச்சு ஊர் திரும்பறான். ராத்திரி. ஊரே அவன் செத்துட்டான்னு காரியம் பண்ணி முடிச்சாச்சு. அவனுக்கு அது தெரியாது. தன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான்.

"ம்."

"கதவைத் தட்டினான்…"

"ம்."

"உள்ளேருந்து யாரும் பேசல. திரும்பத் தட்டினான்…"

"ம்."

இப்போ நான் வாக்கியத்தை முடிக்கறதுக்கு முன்னாடியே வந்துச்சு. அவசரப்படற மாதிரி.

ஈசல் வர ஆரம்பிச்சுது. அந்தச் சின்ன வெளிச்சத்துக்கே. ஒண்ணு ரெண்டு… அப்புறம் கூட்டமா. தரை முழுக்க. றெக்கை உதிர்ந்து ஊருது. என் கால் மேல ஊருது. பாய் ஓரத்துல ஊருது. போனை அணைச்சிடலாம்னு குனிஞ்சேன்.

அப்போதான் பார்த்தேன்.

எனக்கு எதிர்ல தரையில கொஞ்சம் இடம். அங்க மட்டும் ஒரு ஈசல்கூட இல்ல.

ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தா எவ்வளவு இடம் வேணுமோ… அவ்வளவு இடம்.

ஈசல் ஊர்ந்து வருது. அந்த இடத்துகிட்ட வந்ததும் சுத்திக்கிட்டுப் போகுது.

எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல.

பெரியவரைப் பார்த்தேன். சுவர் பக்கம் திரும்பி அதே மாதிரி படுத்திருக்கார். துணிக்குள்ள தாடை லேசா அசையுது. நிறுத்தாம. சத்தமில்லாம. மந்திரம் சொல்லிக்கிட்டு இருக்கார்.

அப்படின்னா… ‘ம்’ கொட்டறது அவர் இல்ல.

என் வாய் மட்டும் தானா படிச்சுது. நிறுத்தினா என்ன ஆகுமோன்னு பயம்.

"உள்ள… காலடிச் சத்தம் கேட்டுது…"

"ம்."

"தாழ்ப்பாள் நகர்ந்துச்சு…"

"ம்."

"கதவு திறந்துச்சு… திறந்தது…"

எனக்கு அதுக்கு மேல வரல.

மழைச் சத்தம் மட்டும். டப்… டப்…

"அப்புறம்?"

ஆம்பளைக் குரல் இல்ல. பொம்பளைக் குரலும் இல்ல. ரொம்ப நாளா பேசாத வாய் பேசின மாதிரி ஒரு குரல்.

நான் அசையல.

"அப்புறம்?"

இப்போ காதுகிட்ட. இடது காது. மூச்சு படல. சூடு இல்ல. குரல் மட்டும்.

"சொல்லு."

போன் எங்க விழுந்துச்சுன்னு தெரியாது. ஓடினேன். ஹாலைத் தாண்டி, செருப்பு போடாம, படியில ரெண்டு ரெண்டா. பின்னாடி பரத் கூப்பிட்டான். திரும்பல. எத்திராஜ் கேட்டைத் திறந்து விட்டார். என்னைப் பார்க்கல அவர். எனக்குப் பின்னாடி படியைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

விடியக் காலையில பரத் என் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினான். என் போன்தான் அவன்கிட்ட இருக்கே. அப்பா போயிட்டார்னான். தூக்கத்துலேயே. லாவண்யா அப்போ பிளேன்ல இருந்தா.

என்னால அழக்கூட முடியல. அந்த மனுஷன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பாக்கி இல்லாமப் போகணும், அவ்வளவுதான். நான் கதவு திறக்கிற இடத்துல விட்டுட்டு ஓடி வந்துட்டேன். கடைசி ராத்திரி பூரா அவர் மனசு அந்த வாசல்லயே நின்னிருக்குமோ… நானும் பரத்தும் சேர்ந்து அவரை அலைய விட்டுட்டோமோன்னு. பரத்தும் அதையேதான் நினைச்சிருக்கான். அவன் வண்டியிலேயே அவங்க வீட்டுக்குப் போனோம்.

அவங்க வழக்கத்துல உடம்பை ரொம்ப நேரம் வெச்சிருக்க மாட்டாங்க. செத்த உடம்புல உயிர்ப்பூச்சி உண்டாகும், அதுக்குள்ள எரிச்சிடணும். பொண்ணு வரட்டும்னு யாரும் காத்திருக்கல. காலையிலேயே குளிப்பாட்ட ஏற்பாடு பண்ணினாங்க. பரத்தும் அவன் பெரியப்பாவும் உள்ளே போனாங்க. நான் ஹால்ல நின்னுக்கிட்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல பரத் வெளியில வந்தான். ஈரக் கை. என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கிட்டுப் போனான். மூடியிருந்த கையை விரிச்சான்.

ரெண்டு பஞ்சு உருண்டை. நல்லாத் திரட்டி, இறுக்கி, வெண்ணெய் தடவினது.

"காதுக்கும் மூக்குக்கும் பஞ்சு வைக்கப் போனோம்டா." உள் ரூமைத் திரும்பிப் பார்த்துக்கிட்டான். "காதுல ஏற்கனவே இருந்துச்சு. ரெண்டு காதுலயும். உள்ள ஆழமா. நாங்க யாரும் வைக்கல."

"எப்போ…"

பின்னாடி தீபிகா நின்னுக்கிட்டு இருந்தா. "மாமாதான் கேட்டு வாங்கினார் அண்ணா. கடல்ல பலகையைப் பிடிச்சிக்கிட்டு இருக்கான், காலை என்னமோ பிடிச்சுதுன்னு நிறுத்திட்டுப் போனீங்களே… அன்னிக்கு. காது வலி போலன்னு நெனச்சேன். பஞ்சும் வெண்ணெயும் குடுத்தேன். அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா அவர் திரும்பறதே இல்ல. தொட்டுத்தான் தண்ணி குடுத்தேன். மூச்சு வாங்குது, பேச முடியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பெரியவருக்கு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. பையனைத் திட்டல. என்னையும் வர வேணாம்னு சொல்லல. காதை அடைச்சுக்கிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். காலைப் பிடிச்ச இடத்துக்கு மேல ஒரு வரி அவர் கேக்கல. அடுத்து என்னங்கிற ஆசையையும் விட்டுட்டு, எதுவும் பாக்கி இல்லாமத்தான் போயிருக்கார். அதுவரைக்கும் என் நெஞ்சுல இருந்த பாரம் அப்படியே இறங்குச்சு.

இறங்கின அடுத்த நொடிதான் உறைச்சுது, அப்போ அத்தனை நாளும் கதை கேட்டது யார்? பரத் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான். அவனும் காதால கேட்டவன்தானே.

லாவண்யா பொழுது சாயற நேரத்துக்கு வந்து சேர்ந்தா. எல்லாம் முடிஞ்சு, வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. அந்தக் காலிப் பாயைப் பார்த்துட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்துட்டா. அழுது ஓய்ஞ்சதும் அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அப்பா எனக்காகக் காத்திருந்தாராண்ணா? கதை கேட்டாருன்னு சொன்னியே… நிஜமாவே கேட்டாரா?"

பரத் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டாரும்மா. ம் கொட்டிக் கேட்டார்."

அவ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா. அப்புறம் சொன்னா, "நான் இன்னிக்கு அப்பா ரூம்லயே படுத்துக்கறேன்"ன்னு. வேணாம்னு சொல்லணும். ஏன் வேணாம்னு கேட்டா பஞ்சைப் பத்திச் சொல்லணும். அப்பா அவளுக்காகக் காத்திருக்கவே இல்லைன்னு சொல்லணும். பரத்தே போய் அவளுக்குத் தலைகாணி எடுத்துக் குடுத்தான்.

மறுநாள் நான் போனப்போ லாவண்யா பால்கனியில காபி குடிச்சிக்கிட்டு இருந்தா. கண்ணு வீங்கியிருக்கு. ஆனா மூஞ்சி தெளிவா இருக்கு. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுச் சொன்னா.

"தேவாண்ணா, ராத்திரி அப்பா வந்தார். கனவு இல்ல. இருட்டுல என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். ‘அப்புறம்? அப்புறம்?’னு கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்கு அந்தக் கதை தெரியாதே… அதனால என் கதையைச் சொன்னேன். கனடா, குளிர், வேலை, எல்லாம். விடியற வரைக்கும் ம் கொட்டினார்."

நான் தலையை ஆட்டினேன்.

அவ திரும்பிப் போய் ஆறு மாசம் ஆச்சு. மேனாம்பேட்டு வீட்டுல இப்போ ஒரு தொந்தரவும் இல்ல. எத்திராஜும் அதுக்கப்புறம் யாரையும் பார்க்கலையாம். போன வாரம் லாவண்யா பரத்துக்குப் போன் பண்ணியிருக்கா. சந்தோஷமா இருக்காளாம். வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் போயிட்டாலும் ராத்திரியில தனியா இருக்கிற மாதிரியே தெரியலையாம்.

அப்பா அங்கயும் வர்றாராம். தினமும் கிட்ட, இன்னும் கிட்ட வந்து உட்கார்றாராம்.